கடல்வழி ஒரு கிரிவலம்

ஜப்பானின் மியாஜிமா தீவுக்கு ஆண்டுதோறும் 40 லட்சத்துக்கும் அதிகமானோர் செல்கின்றனர். கடலுக்குள் நிற்கும் சிவப்புத் தோரண வாயிலைப் படமெடுத்து, மேப்பிள் இலை வடிவ இனிப்பு வாங்கி, கடைத்தெருவில் திரியும் மான்களை வேடிக்கை பார்த்துவிட்டு மாலைக்குள் ஹிரோஷிமாவுக்குத் திரும்பிவிடுவார்கள். இவர்களில் பெரும்பாலோர் பார்ப்பது தீவின் ஒரு மூலையை மட்டும்தான்.

தீவின் கரையைச் சுற்றி இன்னும் ஏழு சின்னஞ்சிறு கோயில்கள் கடலைப் பார்த்தபடி நிற்கின்றன. அவற்றில் பலவற்றுக்குப் பேருந்து கிடையாது, கடை கிடையாது, வரிசை கிடையாது. படகில்தான் போக வேண்டும். இந்த ஏழையும் ஒரே நாளில் கடல்வழியாகச் சுற்றி வணங்கும் வழக்கம் பல நூற்றாண்டுகளாக இருந்து வருகிறது. 'ஏழு விரிகுடாச் சுற்று' என்று அதைத் தமிழில் சொல்லலாம்.

சென்ற ஏப்ரலில் அம்மா, என் பதினான்கு வயது மகள், நான் மூவரும் அந்தச் சுற்றில் சேர்ந்துகொண்டோம். அதற்குக் காரணம் அம்மாதான். திருவண்ணாமலைக்குப் போய்க் கிரிவலம் வரவேண்டும் என்பது அவருடைய பல நாள் ஆசை. 14 கிலோமீட்டர் நடை. முழங்கால் ஒத்துழைத்த காலத்தில் எங்களுக்கு நேரமில்லை. எங்களுக்கு நேரம் கிடைத்தபோது முழங்கால் மறுத்துவிட்டது. ஜப்பானில் ஒரு தீவையே படகில் வலம் வருகிறார்கள் என்று நான் படித்துச் சொன்னதும், "உட்கார்ந்துகொண்டே வலம் வரலாமா?" என்று கேட்டார். மறுவாரம் விமானச்சீட்டு எடுத்தோம்.

தீவே தெய்வம்

இந்தப் பயணம் புரிய வேண்டுமானால் முதலில் ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும். இவ்வளவு பெரிய தீவு இருக்கும்போது கோயிலை ஏன் கடலுக்குள் கட்டினார்கள்?

தீவின் பழைய பெயர் இட்சுகுஷிமா. அதன் நடுவே 535 மீட்டர் உயரத்தில் மிசென் மலை நிற்கிறது. எதிர்க்கரை மக்கள் மலையும் காடும் சேர்ந்த இந்தத் தீவையே தெய்வமாக வணங்கினர். தெய்வத்தின் உடலைத் தோண்டி அதன்மேல் கல்லும் மரமும் நடுவது தகாது என்று கருதினார்கள். அதனால் கரைக்கும் கடலுக்கும் நடுவே, நீர் ஏறி இறங்கும் சேற்றுத் திடலில் தூண்களை நிறுத்திக் கோயில் எழுப்பினார்கள். ஷிந்தோ மரபில் மலை, மரம், பாறை, அருவி எதிலும் தெய்வம் உறையலாம். இங்கு ஒரு தீவு முழுவதும் கருவறையாகிவிட்டது.

கோயில் வரலாறு 593ஆம் ஆண்டில் தொடங்குவதாகச் சொல்கிறது. இன்று நாம் காணும் பெருங்கோயிலின் அமைப்பைத் தந்தவர் தாய்ரா நோ கியோமோரி. இந்தப் பகுதியின் ஆளுநராக இருந்து, பின்னர் நாட்டின் அதிகாரத்தையே கையில் எடுத்துக்கொண்ட போர்த்தலைவர் அவர். சீனாவுடனான கடல் வணிகத்தில் பெருத்த ஆர்வம் கொண்டவர். கடல் தேவியரின் துணை அவருக்குத் தேவைப்பட்டது. 1168 வாக்கில் கோயிலைக் கடல்மேல் மிதக்கும் அரண்மனைபோல் விரிவுபடுத்தினார். 1996இல் அது யுனெஸ்கோ உலக மரபுடைமையானது.

தீவைப் புனிதமாகக் காக்க ஒரு காலத்தில் கடுமையான விதிகள் இருந்தன. தீவில் பிறப்பும் கூடாது, இறப்பும் கூடாது. நிறைமாதப் பெண்களும் இறக்கும் தறுவாயில் இருந்தோரும் எதிர்க்கரைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். நிலத்தை உழவும் தடை. அந்த விதிகளில் பல போய்விட்டாலும், இன்றும் தீவில் ஓர் இடுகாடுகூட இல்லை.

வலப்பக்கம் மலை

எங்கள் குழுவில் மொத்தம் எட்டுப் பேர். நாங்கள் மூவர், ஒசாகாவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தம்பதி, தைவான் இளையர் இருவர், படங்கள் வரையும் ஓர் ஆஸ்திரேலியப் பெண்மணி. உள்ளூர்ப் பெண் ஒருவர் ஆங்கிலத்தில் விளக்கம் சொல்ல, அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் படகைச் செலுத்தினார். படகுத்துறையில் அம்மாவுக்குக் கைகொடுத்து ஏற்றியவர் அவர்தான். பிறகு வெகுநேரம் அவர் பேசவே இல்லை.

தீவின் சுற்றளவு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். துறையிலிருந்து வடகிழக்காகப் புறப்பட்டு, கிழக்கு முனையைத் திரும்பி, தெற்கு வழியே மேற்குக்கு வந்து பெருங்கோயிலில் முடியும் பாதை. படகு நகர்ந்ததும் அம்மா கரையையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தார். "மலை நம்ம வலக்கைப் பக்கம் வருது பாரும்மா. நாம சுத்துற மாதிரிதான் இவங்களும் சுத்துறாங்க" என்றார். நான் அதைக் கவனிக்கவில்லை. வழிகாட்டியிடம் கேட்டேன். மரபாகச் செல்லும் திசையே அதுதான் என்றார்.

வழக்கத்தின் பின்னால் ஒரு கதை இருக்கிறது. மூன்று கடல் தேவியர் தங்குவதற்கு இடம் தேடி இங்கு வந்தனராம். சாயெகி நோ குராமோட்டோ என்ற உள்ளூர்த் தலைவர் அவர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு விரிகுடா விரிகுடாவாகத் தீவைச் சுற்றினார். காகங்கள் வழிகாட்டின. கடைசியில் இன்று பெருங்கோயில் இருக்கும் இடம் தேவியருக்குப் பிடித்துப்போனது. அந்தத் தேடலைத்தான் இன்றைய பக்தர்களும் படகில் மீண்டும் நடத்துகிறார்கள். பெருங்கோயிலின் அர்ச்சகர்கள் உடன்வர, முறைப்படி குழல் ஒலிக்க நடக்கும் சடங்கும் உண்டு. அதற்குக் கோயிலில் தனியே விண்ணப்பிக்க வேண்டும். நாங்கள் சென்றது அதே பாதையில் போகும் எளிய பயணம்.

ஏழு இடங்களின் பெயர்களும் ஒரு மீனவர் பாட்டி வைத்தவைபோல் எளிமையானவை. முதலாவது சுகினோஉரா, சுகி மரங்களின் விரிகுடா. அடுத்தது தகானோசு, அதாவது பருந்துக் கூடு. மூன்றாவது கொஷிபொசோ, மெல்லிடை. நான்காவது அவோநோரி, பச்சைக் கடற்பாசி.

கோயில் என்றதும் கோபுரத்தை எதிர்பார்த்த என் மகளுக்கு முதல் நிறுத்தத்தில் ஏமாற்றம்தான். கடலோர மணலில் ஒரு தோரண வாயில். அதற்குப் பின்னால், நம் ஊர் அரசமரத்தடிப் பிள்ளையார் கோயில் அளவில் ஒரு மரக்கூடு. அதற்கும் பின்னால் காடு. அவ்வளவுதான். "இதுக்காகவா இவ்வளவு தூரம்?" என்று என் காதில் கேட்டாள். மூன்றாவது விரிகுடாவில் அவளே படகின் முன்பக்கம் போய் அமர்ந்து, அடுத்த வாயில் எந்த வளைவில் தெரியும் என்று தேடத் தொடங்கியிருந்தாள்.

கரையிறங்க முடிந்த இடத்தில் இறங்கினோம். அலையோ பாறையோ தடுத்த இடத்தில் படகிலிருந்தே வணங்கினோம். இருமுறை தலைதாழ்த்தி, இருமுறை கைதட்டி, வேண்டிக்கொண்டு, மீண்டும் ஒருமுறை தலைதாழ்த்த வேண்டும். வேற்று மதத்தினர் செய்யலாமா என்று நான் வழிகாட்டியிடம் கேட்டேன். "வணங்க வருகிறவர் யார் என்று இங்கு யாரும் கேட்பதில்லை. எப்படி நடந்துகொள்கிறார் என்பதைத்தான் பார்ப்பார்கள்" என்றார். அம்மா கைதட்டி முடித்தபின் தன் வழக்கப்படி கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒசாகாத் தம்பதி அதைப் பார்த்துச் சிரித்து, தாங்களும் தலைதாழ்த்தினார்கள்.

சிங்கப்பூரர்களுக்கு இது முற்றிலும் புதியதல்ல. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் பக்தர்கள் படகேறிக் கூசு தீவுக்குப் போகிறார்கள். துவா பெக் கோங் கோயிலில் ஊதுபத்தி ஏற்றிவிட்டு, குன்றின் மேலிருந்த மலாய்க் கிராமாட்டுகளுக்கும் படியேறுவது வழக்கமாக இருந்தது. கடலைக் கடந்து போய்க் கும்பிடும்போது மனம் கொஞ்சம் அடங்குவது எல்லா ஊருக்கும் பொதுவான அனுபவம்போலும்.

பச்சைக் கடற்பாசிக் கரையில்

அவோநோரியில் கரையிறங்குமுன் வழிகாட்டி ஆளுக்கு ஒரு கையுறையும் ஒரு துணிப்பையும் கொடுத்தார். பயண விவரத்தில் இது குறிப்பிடப்பட்டிருந்தது. கும்பிட்ட பிறகு பத்து நிமிடம் குப்பை பொறுக்க வேண்டும்.

தொலைவிலிருந்து பார்த்தபோது சுத்தமான கரை. குனிந்து பார்த்தால்தான் தெரிந்தது. கடல் ஒதுக்கிய பாசிக்கிடையில் கறுப்பும் சாம்பலுமாகப் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள். சில ஒரு பேனாவைவிடச் சற்று நீளம். சில விரல்நகம் அளவே இருக்கும். இடையிடையே உடைந்த வெள்ளை நுரைமிதவைகளின் துகள்கள்.

இவை சுற்றுப்பயணிகள் வீசியவை அல்ல. சிப்பி வளர்ப்பிலிருந்து வந்தவை. ஜப்பானில் வளர்க்கப்படும் சிப்பிகளில் ஏறத்தாழ 60 விழுக்காடு ஹிரோஷிமா கடலிலிருந்தே கிடைக்கிறது. மூங்கிலைக் கட்டி, ஏறத்தாழ 20 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட தெப்பங்களை மிதக்க விடுவார்கள். அவற்றிலிருந்து கம்பிகள் கடலுக்குள் தொங்கும். துளையிட்ட விசிறிச்சிப்பி ஓடுகளை மணிமாலைபோல் அந்தக் கம்பியில் கோப்பார்கள். அந்த ஓடுகளில் ஒட்டிக்கொண்டு சிப்பிக் குஞ்சுகள் வளரும். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடைவெளி விடத்தான் இந்தப் பிளாஸ்டிக் குழாய். கம்பி அறுந்தால், புயலில் தெப்பம் சிதைந்தால், குழாய்கள் கடலில் போகும். பசிபிக்கைக் கடந்து ஹவாய்த் தீவுகளில் கரையொதுங்கியதும் உண்டு.

படகோட்டியும் இறங்கி வந்து எங்களோடு பொறுக்கினார். எங்களில் யாரையும்விட அவர் கை வேகமாக இயங்கியது. அந்தச் சின்னக் கோயிலின் வாயிலடியில் கிடந்த குழாய்களை மட்டும் அவர் வேறு யாரையும் எடுக்க விடவில்லை.

காக்கைக்கு உருண்டை

நான்காவது கோயிலைத் தாண்டியதும் யாபுசாகி என்ற முனை வருகிறது. ஏழு கோயில்களின் கணக்கில் இது சேராது. ஆனாலும் முழுச் சுற்றின் உச்சம் இதுதான். இயந்திரத்தை நிறுத்திப் படகை மிதக்க விட்டார்கள்.

முறைப்படி நடக்கும் சடங்கில், அர்ச்சகர்கள் அரிசிமாவு உருண்டைகளை இங்கே கடலில் மிதக்க விடுவார்கள். குழலிசை எழும். காட்டிலிருந்து காகங்கள் இணையாகப் பறந்து வந்து உருண்டைகளைக் கொத்திக்கொண்டு போகவேண்டும். தேவியருக்கு வழிகாட்டிய காகங்களின் வழிவந்தவை அவை என்பது நம்பிக்கை. அவை எடுத்துக்கொண்டால் வேண்டுதல் ஏற்கப்பட்டது என்று பொருள். வராவிட்டால் படகு காத்திருக்கும்.

இதை நான் தமிழில் சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் மாறியது. அப்பா இறந்த பிறகு ஒவ்வோர் அமாவாசைக்கும் வீட்டு மாடியின் நடைபாதை ஓரத்தில் இலையில் சோறு வைத்துவிட்டுக் காத்திருப்பவர் அவர். சிங்கப்பூர் அடுக்குமாடியில் காகம் வருவதும் குறைவு, பறவைகளுக்கு உணவு வைப்பதற்கும் இப்போது தடை. அதனால் சில ஆண்டுகளாக அதை விட்டுவிட்டார். விட்டுவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறாரே தவிர, மனத்தில் அது உறுத்திக்கொண்டே இருப்பது எனக்குத் தெரியும்.

"நம்ம கிட்ட கொஞ்சம் சோறு இருக்கா?" என்று மெல்லக் கேட்டார்.

வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் வருத்தத்தோடு தலையசைத்தார். உருண்டை இடுவது அர்ச்சகர்களுக்கு மட்டுமே உரியது. பயணிகள் கடலில் எதையும் இடக்கூடாது. எடுத்துச் சொன்னதும் அம்மா உடனே ஒப்புக்கொண்டார். "அவங்க சாமி. அவங்க முறை" என்றார். பிறகு காட்டைப் பார்த்துக் கைகூப்பி நின்றார். காகம் எதுவும் வரவில்லை. ஆனால் படகோட்டி, எங்கள் திட்டத்திலிருந்த நேரம் கடந்த பின்னும் இயந்திரத்தை முடுக்கவில்லை. அம்மா தானாக உட்காரும் வரை காத்திருந்தார்.

பெட்டிச் சோறு

யாமாஷிரோ, சுயா என்ற இரண்டு மணற்கரைக் கோயில்களையும் வணங்கிவிட்டு, காற்றடங்கிய ஓர் ஒதுக்கில் நங்கூரமிட்டார்கள். மதிய உணவு படகிலேயே.

மெல்லிய மரப்பெட்டியைத் திறந்ததும் கரியில் வாட்டிய சோயாவின் மணம். அனாகோ மேஷி, அதாவது கடல் விலாங்குச் சோறு. தீவுக்கு எதிரேயுள்ள மியாஜிமாகுச்சி ரயில் நிலையத்தில் 1901 முதல் விற்கப்பட்டு இந்த வட்டாரத்துக்கே பெயர் வாங்கித் தந்த உணவு. விலாங்கின் எலும்பையும் தலையையும் கொதிக்கவைத்த சாற்றில் அரிசியை வேகவைக்கிறார்கள். இனிப்பும் உப்பும் கலந்த குழம்பைத் தடவித் தடவி மீனை வாட்டி, துண்டுகளாக்கிச் சோறு தெரியாதபடி மேலே அடுக்குகிறார்கள். ஆறிய பிறகும் சுவை குறையாதபடி சமைப்பதுதான் இதன் சூட்சுமம். சோற்றின் ஒவ்வொரு பருக்கையிலும் மீன்குழம்பின் சாரம் இறங்கியிருந்தது. மறுநாள் பழைய குழம்பில் பிசைந்த சோற்றை விரும்புகிறவர்களுக்கு இது நிச்சயம் பிடிக்கும். என் மகள் தன் பெட்டியை முடித்துவிட்டு என் பெட்டியைப் பார்த்தாள்.

அன்று வெள்ளிக்கிழமை. அம்மா சைவம். ஜப்பானில் சைவம் கேட்பது லேசான காரியமல்ல. காய்கறிக் குழம்பிலும் சூப்பிலும்கூட 'தாஷி' என்ற மீன்சாறு கலந்திருக்கும். முன்கூட்டியே எழுதிச் சொல்லியிருந்ததால், உப்பில் ஊறிய பிளம் பழம் வைத்த சோற்று உருண்டைகளும் அவித்த காய்கறியும் தனியே வந்தன. ஒரு வாய் உண்டதும், "இது நம்ம ஊறுகாய் சோறுதானே" என்று தெம்பாகிவிட்டார்.

படகோட்டி பேசத் தொடங்கியது அப்போதுதான். எட்டத்தில் வரிசையாக மிதந்த தெப்பங்களைக் காட்டினார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிப்பி வளர்த்தவராம். அவோநோரிக் கரையில் நாம் பொறுக்கியதில் தன் தெப்பத்திலிருந்து போனவையும் இருக்கலாம் என்றார். யாரையும் குறைசொல்லும் தொனி இல்லை. தன்னையும் விட்டுவிடவில்லை. மூங்கில் தெப்பத்தையும் தேவியரின் கரையையும் தந்தது ஒரே கடல்தான், ஒன்றால் மற்றது கெடுகிறது என்பதை ஏற்றுக்கொள்ளத் தனக்கு நாளாயிற்று என்றார்.

2025 இலையுதிர் காலத்தில் ஹிரோஷிமா கடலில் வளர்ப்புச் சிப்பிகள் கூட்டங்கூட்டமாக இறந்தன. மத்திய, கிழக்குப் பகுதிகளில் பாதிப்பு கடுமை. சில இடங்களில் கம்பியை மேலே தூக்கியபோது பத்தில் எட்டு, ஒன்பது ஓடுகள் வெறுமையாக இருந்தன. கடல்நீரின் வெப்பமும் உப்பும் நெடுநாள் உயர்ந்தே இருந்ததை அதற்குக் காரணமாகச் சொல்கிறார்கள். இரண்டு, மூன்று ஆண்டுகள் வளர்த்துப் பலன் காணும் தொழிலில் ஒரு பருவம் பொய்த்தால் அது ஓராண்டு இழப்போடு நிற்காது.

தம் மகன் தொழிலைத் தொடர்வாரா என்று ஒசாகாப் பெரியவர் கேட்டார். படகோட்டி உடனே பதில் சொல்லவில்லை. இந்த ஆண்டு பார்க்கவேண்டும் என்று மட்டும் சொன்னார். பிறகு எழுந்து அனைவருக்கும் தேநீர் ஊற்றினார்.

வாயிலுக்கு வெளியே

கடைசிச் சிறு கோயில் மிதோக்கோ. பெயருக்குத் திருமஞ்சம் என்று பொருள் கொள்ளலாம். மேற்குக் கரையில் பெரிய பாறைமேல் அமர்ந்திருக்கிறது. ஜப்பானில் இந்தப் பக்கத்துக் கரையோர உவர்ச் சதுப்புகளில் மட்டும் வாழும் ஒரு வகைத் தும்பிக்குத் தீவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். மியாஜிமாத் தும்பி. 2012இல் இந்தக் கரை ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. தெய்வத்தின் உடல் என்று மனிதர் கைவைக்காமல் விட்டதால் பிழைத்துக்கிடக்கும் உயிர்களில் அதுவும் ஒன்று.

அங்கிருந்து வளைந்து திரும்பியதும் பெருந்தோரண வாயில் எதிரே நின்றது. அலையில் ஆடும் படகிலிருந்து பார்க்கும்போதுதான் அதன் பொருள் புரிகிறது. அது கரையிலிருந்து பார்த்துப் படமெடுப்பதற்காக வைத்த அலங்காரம் அல்ல. கடலிலிருந்து வருகிறவருக்கான தலைவாசல். முற்காலத்தில் பக்தர்கள் படகில் இதன்வழியே நுழைந்துதான் கோயிலை அடைந்தார்கள்.

16 மீட்டருக்கும் அதிகமான உயரம், ஏறத்தாழ 60 டன் எடை. இப்போதுள்ளது 1875இல் கற்பூர மரத்தில் எழுப்பப்பட்டது. கால்களை மண்ணில் ஆழப் புதைக்கவில்லை. பைன் மரக்கட்டைகளை அடித்திறுக்கிய அடித்தளத்தின்மேல் தன் எடையாலேயே நிற்கிறது. மேலேயுள்ள குறுக்கு உத்தரம் உள்ளீடற்ற பெட்டி. அதற்குள் கற்களை நிரப்பிக் கனம் சேர்த்திருக்கிறார்கள். 2019இல் தொடங்கிய பெரும் பழுதுபார்ப்பு 2022 இறுதியில் முடிந்தது.

கோயிலும் அப்படித்தான் கடலோடு ஒத்துப்போகிறது. நடைகளின் தளப்பலகைகளுக்கிடையே வேண்டுமென்றே இடைவெளி விட்டிருக்கிறார்கள். கடல் பொங்கும்போது நீர் அந்த இடைவெளி வழியாக மேலே வந்து வடிந்துவிடும், தளத்தைப் பெயர்க்காது. அப்படியும் 1991 புயலில் நோ நாடக மேடை சரிந்தது. 2004 புயலிலும் பெருஞ்சேதம். ஒவ்வொரு முறையும் திரும்பக் கட்டினார்கள். கடலில் கட்டியவர்கள் கடலோடு சண்டைபோட நினைக்கவில்லை. திரும்பத் திரும்பச் சரிசெய்துகொண்டு வாழத் தீர்மானித்தவர்கள்.

வீணைக்குப் பதில் பிவா

கரையேறியதும் அம்மாவுக்காக ஓர் இடம் வைத்திருந்தேன். பெருங்கோயிலை ஒட்டியிருக்கும் தைகான்ஜி என்ற பௌத்த ஆலயம்.

இட்சுகுஷிமாவின் மூன்று தேவியரில் ஒருவர் இச்சிகிஷிமாஹிமே. இடைக்கால ஜப்பானில் இவரையும் பென்சாய்தென் என்ற தேவியையும் ஒன்றாகவே கருதி வழிபட்டார்கள். பென்சாய்தென் வேறு யாருமல்லர், நம் சரஸ்வதிதான். பௌத்த நூல்களோடு இந்தியாவிலிருந்து சீனா சென்று, அங்கிருந்து ஜப்பானுக்கு வந்தவர். வேதத்தில் சரஸ்வதி ஒரு நதி. அதனால்தானோ என்னவோ, ஜப்பானிலும் அவருக்குத் தீவுகளிலும் குளக்கரைகளிலும் கடலோரத்திலும் இடம் கிடைத்தது. கையில் வீணைக்குப் பதில் பிவா என்ற நரம்பிசைக் கருவி. 1868க்குப் பிறகு ஷிந்தோவையும் பௌத்தத்தையும் அரசு பிரித்தபோது, பெருங்கோயிலில் இருந்த பென்சாய்தென் சிலை தைகான்ஜிக்கு மாற்றப்பட்டது. ஆண்டுக்கு ஒருமுறை, ஜூன் 17இல்தான் திரை விலகும்.

நாங்கள் போனது ஏப்ரல். மூடிய கதவுதான் தரிசனம். அம்மா அதைப் பொருட்படுத்தவில்லை. பேத்தியை இழுத்து முன்னால் நிறுத்தி, "பரீட்சை வருதில்ல, நல்லா வேண்டிக்கோ" என்றார். அவளும் மறுபேச்சின்றிக் கண்ணை மூடினாள்.

படகுத்துறைக்குத் திரும்பும் வழியில், கிரிவலம் வந்த மாதிரி இருந்ததா என்று அம்மாவைக் கேட்டேன். "காலால நடந்தாத்தான் கிரிவலம்" என்று கண்டிப்பாகச் சொன்னார். சற்று நேரம் கழித்து, "ஆனா அந்தக் குழாயெல்லாம் பொறுக்கினோமே, அதுக்குக் கொஞ்சம் புண்ணியம் உண்டு" என்றார். வலம் வருவதன் பொருளும் அதுதான் என்று நினைக்கிறேன். முன்னால் நின்று பார்ப்பவருக்கு முகப்பு மட்டும் தெரியும். சுற்றி வருபவர்தான் பின்புறத்தையும் பார்க்கிறார்.

போக நினைப்போருக்கு

ஷின்-ஒசாகாவிலிருந்து ஹிரோஷிமாவுக்குப் புல்லட் ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். ஹிரோஷிமாவிலிருந்து மியாஜிமாகுச்சிக்கு உள்ளூர் ரயிலில் அரை மணி நேரம். அங்கிருந்து ஃபெர்ரியில் பத்து நிமிடம். 2023 அக்டோபர் முதல் தீவுக்கு வருவோரிடம் 100 யென் வருகையாளர் வரி வாங்குகிறார்கள். ஃபெர்ரிக் கட்டணத்தோடு அது சேர்ந்துவிடும்.

போகும் நாளின் கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் 250 செண்டிமீட்டரைத் தாண்டினால் கோயில் மிதப்பதுபோல் தெரியும். 100 செண்டிமீட்டருக்குக் கீழே இறங்கினால் தோரண வாயிலின் அடிவரை நடந்தே போகலாம். தீவில் ஓர் இரவு தங்கினால் இரண்டையும் பார்க்கலாம்.

ஏழு விரிகுடாச் சுற்றுக்கு முன்பதிவு தேவை. காற்று பலமானால் படகு புறப்படாது என்பதால் கைவசம் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது. முழங்கால் வலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால், கரையிறங்காமல் படகிலிருந்தே வணங்க ஏற்பாடு செய்வார்கள். சைவ உணவு வேண்டுவோர், மீன்சாறும் கூடாது என்று தெளிவாக எழுதிக் கேளுங்கள்.

கோடையில் போகிறவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. பழைய சந்திர நாட்காட்டியின் ஆறாம் மாதம் 17ஆம் நாள் கங்கென்சாய் நடக்கும். தேவியரைப் படகில் எழுந்தருளச் செய்து, இசை முழங்க எதிர்க்கரைக் கோயில்வரை சென்று இரவில் திரும்பும் விழா. தெப்பத் திருவிழா பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்கமே வேண்டியிராது.

சிறு கோயில்களின் கரையிலிருந்து கல், கிளிஞ்சல் எதையும் எடுத்து வராதீர்கள். பிளாஸ்டிக் குழாய் கண்ணில் பட்டால் மட்டும் எடுத்து வாருங்கள்.